கைவிட்ட கண்மாயில் காடான கருவை

சீமைக் கருவேலத்தை வில்லனாக்கி வெட்டித் தள்ளினால் போதுமா? ராமநாதபுரம் சீமையில் மரமும் மனிதர்களும் ஒன்றையொன்று மாற்றிய கதை.

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் வழியாகக் கடலாடிக்குப் போகும் சாலையில், சித்திரை வெயிலிலும் இருபுறமும் பச்சை குறையாது. ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்’ என்று அதிகாரிகள் ஊழியர்களை மிரட்டிய சீமையா இது என்று புதிதாக வருகிறவர் ஒரு நிமிஷம் ஏமாந்துபோவார். பேருந்து ஏதாவதொரு நிறுத்தத்தில் நிற்கும்போது உற்றுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். வயலில், வரப்பில், கண்மாய்க்குள், சுடுகாட்டில், பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்கட்டில் என்று எங்கும் நிற்பது ஒரே மரம். சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும், வேலிக்கருவை என்றும், வெறுமனே கருவை என்றும் ஊருக்கு ஒரு பெயர்.

தமிழ்நாட்டில் இந்த மரத்தைப்போல் வசவு வாங்கிய மரம் வேறில்லை. நிலத்தடி நீரைக் குடிக்கும் பூதம், மழையை விரட்டும் சாபம், அந்நியச் சதி என்று மேடைதோறும் திட்டுகிறோம். திட்டிக்கொண்டே அதன் விறகில் சமைத்தோம், அதன் கரியை விற்று வயிறு வளர்த்தோம், அதன் நெத்தைப் போட்டு ஆடு வளர்த்தோம். மனிதர்கள் ஒரு மரத்தைக் கொண்டுவந்தார்கள். அது நிலத்தை மாற்றியது. மாறிய நிலம் மனிதர்களின் பிழைப்பை மாற்றியது. மாறிய பிழைப்பு மறுபடியும் அந்த மரத்தையே வளர்த்தது. இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. பொக்லைனை நேராக மரத்தின் தூருக்குக் கொண்டுபோனால் விடை கிடைக்காது என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

தாது வருஷத்து விதை

“காமராஜர் காலத்தில் தூவிய விதை” என்று கிராமங்களில் சொல்வார்கள். மரம் இந்தியாவுக்கு வந்த கதை அதைவிட ஏறக்குறைய எண்பது ஆண்டு பழையது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் காலம் அது. சென்னை மாகாண வனத்துறையின் உயர் அதிகாரியாகவும் பெரணிச் செடிகளை ஆராய்ந்த தாவரவியலாளராகவும் இருந்த கர்னல் பெட்டோம், வறண்ட நிலத்தில் வளரும் இந்த அமெரிக்க மரத்தின் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன.

அன்றைய கணக்கு எளிமையானது. மாகாணத்து ரயில் என்ஜின்கள் விறகில் ஓடின. வீடுகளில் அடுப்பெரிந்ததும் விறகில். காடுகளோ கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரையிலான வறண்ட நிலங்களில் பிறந்த இந்த மரம் உவர் மண்ணிலும் நிற்கும், மழை பொய்த்தாலும் நிற்கும், வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விறகுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1913-ல் நட்டார்கள். 1940-ல் அங்கே அதற்கு ராஜமர அந்தஸ்தே கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்கு, வேலிக்கு, மண் அரிப்பைத் தடுப்பதற்கு என்று அரசுகள் ஊக்கம் கொடுத்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமில்லை.

ஆனால் விதை தூவியதால் மட்டும் எந்த மரமும் ஒரு மாவட்டத்தைப் பிடித்துவிடாது. உழுகிற வயலில் கருவை முளைத்தால் அடுத்த உழவில் போய்விடும். தூர் வாருகிற கண்மாயில் முளைத்தால் அடுத்த கோடையில் போய்விடும். அது காடாக வேண்டுமென்றால் சில வருஷங்கள் அந்த நிலத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு காலம் வந்தது.

நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்

‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிடும். வைகையோ இந்த மண்ணுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போகும் ஆறு. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆகவே, பெய்கிற நாளில் பிடித்துவைத்துப் பெய்யாத நாளில் பிழைப்பது ஒன்றுதான் வழி. அதற்காக ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்கு வரத்தாகும்படி கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். நிலம் மனிதர்களுக்குக் கற்பித்த பாடத்தை மனிதர்கள் நிலத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அந்தக் கண்மாய்கள் நிலைத்து நின்றது ஊர் உழைப்பால். கோடையில் வண்டி கட்டிக் கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். கண்மாய் ஆழமாகும், வயலுக்கு உரம் கிடைக்கும். மழைக்கு முன்பு வரத்துக்கால் வெட்டுவது, கரையை மண் அணைத்து உயர்த்துவது, மடை திறக்கவும் முறை வைத்துப் பாய்ச்சவும் ஆள் வைப்பது எல்லாமே ஊர்க் கட்டுப்பாடு. குடிமராமத்து என்பது இதுதான்.

இதைப் பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. மண் சுமந்தவர்களிலும் மடை காத்தவர்களிலும் பெரும்பாலோர் நிலமில்லாத, சாதியில் கீழே வைக்கப்பட்ட மக்கள். தண்ணீரின் பலன் போனது மேலே இருந்தவர்களுக்கு. 1858-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர். வராதவருக்கு அபராதம். இந்தக் கட்டாயம் ஒழிய வேண்டியதுதான். ஆனால் கட்டாயம் ஒழிந்த இடத்தில் கூலி கொடுத்துச் செய்யும் ஓர் ஏற்பாடு வந்து உட்காரவில்லை. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் ஜமீன் கண்மாய்கள் அரசிடம் வந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரிவினை ஆனது. ஊர்க்காரருக்குக் கண்மாய் ‘கவர்மெண்டு சொத்து’ ஆயிற்று. கவர்மெண்டுக்கோ அது ஆயிரக்கணக்கான கண்மாய்களில் ஒன்று.

அடுத்து உர மூட்டை வந்தது. கரம்பை அள்ளும் வேலை நின்றது. வண்டல் மேடாகி, கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைந்தன. இரண்டு மூன்று மழை தொடர்ந்து பொய்த்ததும் இளவட்டங்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பினார்கள். பட்டா அப்பா பெயரில், மகன் துபாயில், நிலம் தரிசில். கருவை கேட்டது அந்தத் தரிசைத்தான்.

ஆட்டின் வயிற்றில் ஒரு பயணம்

வைகாசி வாக்கில் மரத்தடியில் வெளிர் மஞ்சள் நெத்துகள் உதிர்ந்து கிடக்கும். ஒடித்து நாக்கில் வைத்தால் இனிக்கும். மேய்ச்சல் கருகிய மாதங்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுதான் பந்தி. சதையைச் செரிக்கும் வயிறு கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதைகளில் பலவற்றைச் செரிப்பதில்லை. வயிற்றுச் சூட்டிலும் அமிலத்திலும் ஓடு இளகி, புழுக்கையோடு விதை வெளியே விழுகிறது. உரம் கூடவே வருகிறது. ஈரம் கிடைத்த மறுநாளே முளைக்கத் தயார். ஆடு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கருவை போகிறது. கண்மாய்க்குள்தான் கடைசிப் புல் பச்சை இருக்கும் என்பதால் ஆடுகள் அங்கேதான் கூடும்.

வேளாண்மை படுத்த குடும்பங்கள் ஆடு வளர்ப்பை நம்பின. ஆடு பெருகக் கருவை பெருகியது. கருவை அடர, அதன் நிழலிலும் உதிர்ந்த இலைகளிலிருந்து கசியும் வேதிப்பொருள்களாலும் மற்றச் செடிகளும் புல்லும் குறைந்தன. புல் குறைந்ததும் மாடு போய், நெத்துத் தின்னும் ஆடு இன்னும் முக்கியமானது. இந்தச் சுற்று யாரும் திட்டமிடாமலே ஓடியது.

மரத்தின் மேலுள்ள குற்றச்சாட்டுகளில் உண்மையையும் கதையையும் பிரித்துவிட வேண்டும். வேர் ஆழமாகப் போகும் என்பது உண்மை. இதே பேரினத்தைச் சேர்ந்த மரமொன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். வரத்துக்காலில் அடர்ந்து தண்ணீரை மறிக்கிறது, கண்மாய்க்குள் வண்டலைப் பிடித்து மேடாக்குகிறது என்பதும் உண்மை. முள் ஏறிய காலும் குளம்பும் புண்ணாகி இழுக்கும் என்பதைக் கிராமத்தில் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. புதருக்குள் பகலெல்லாம் படுத்திருக்கும் காட்டுப்பன்றி இரவில் பயிரைக் கிளறுகிறது. ஆனால் காற்றின் ஈரத்தை இழுத்து மழையையே நிறுத்திவிடும் என்பதற்கும், அதன் கீழே கட்டிய மாடு மலடாகும் என்பதற்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. மழை குறைந்த ஊரில் இந்த மரம் நிறைய நிற்கிறது. மழை குறைவுக்குக் காரணம் மரம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் குடும்பத்து மரம் இது. உவர் நிலத்தை வெயிலுக்குத் திறந்துவிடாமல் மூடியிருக்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு விறகு கொடுத்ததால் வேறு பல மரங்கள் கோடரிக்குத் தப்பின.

மூட்டம் போடும் சீமை

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் உட்கிராமங்களில் மண்மேடுகளிலிருந்து புகை எழும். கரிமூட்டம். கருவையை வெட்டி, ஒரே அளவில் துண்டு போட்டு, பருத்தவை நடுவிலும் சிறியவை ஓரத்திலுமாகக் கூம்பாக அடுக்குகிறார்கள். மேலே இலைதழை பரப்பி, ஈரமண்ணால் மெழுகி மூடி, நெருப்பு வைத்துக் காற்றுக்கு மட்டும் துளைகள் விடுகிறார்கள். அதற்குப் பிறகு பல நாள் காவல். காற்று அதிகம் புகுந்தால் மொத்தமும் சாம்பல், போதாவிட்டால் வேகாத கட்டை. புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வார்கள். முதலில் வெள்ளையாக வருவது விறகின் ஈரம். அது மெலிந்து நீலம் தட்டினால் கரி பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே துளைகளை அடைத்து ஆறவிட வேண்டும். மேட்டில் ஒரு இடம் உள்வாங்கினால் ராத்திரியானாலும் எழுந்து மண் அப்ப வேண்டும். நாலைந்து கிலோ விறகு எரிந்தால் ஒரு கிலோ கரி. தூரைத் தோண்டியெடுத்துச் சுட்ட தூர்க்கரிக்கு விலை கூடுதல், கிளையில் சுட்ட குச்சிக்கரிக்குக் குறைவு.

விதைப்பதற்கு முதல் வேண்டாம், களை எடுக்க வேண்டாம், மழையை எதிர்பார்க்க வேண்டாம். பயிர் பொய்த்த வருஷத்திலும் அறுவடை உண்டு. நிலமில்லாதவர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் கருவை ஒரு காப்பீடு ஆகிவிட்டது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக் கருவையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த குடும்பங்கள் உண்டு. கண்மாய்க் கருவையை ஏலம் விட்டால் அரசுக்கும் ஊராட்சிக்கும் வருமானம். வருமானம் தருகிற மரத்தைத் தூரோடு பிடுங்க யார் அவசரப்படுவார்? மேலே வெட்டி, தூரை விட்டுவைத்தால்தானே அடுத்த ஏலம்!

இந்தப் பொருளாதாரத்தின் அடித்தட்டில் இருப்பவர்களின் நிலைமை கரியைவிடக் கறுப்பு. முள்ளும் புகையும் சூடும் அவர்களுக்கு, லாபம் வியாபாரிக்கு. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு மூட்டங்களில் அடைபட்டவர்களை மீட்ட செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன.

காலம் இதையும் மாற்றுகிறது. 2000-களில் இலவச எரிவாயு அடுப்பு வந்ததும் வீட்டு விறகுத் தேவை குறைந்தது. அந்த இடத்தைச் செங்கல் சூளைகளும் ஆலைக் கொதிகலன்களும் உயிரி எரிபொருள் மின்நிலையங்களும் பிடித்துக்கொண்டன. கமுதி அருகே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஊர்க்காரர்கள் விலை போகாது என்று நினைத்த மண்ணுக்குத் திடீரென்று வேறொரு கணக்கில் விலை வந்தது. காலியான நிலம் காலியாகவே கிடப்பதில்லை. ஊர் எழுந்துபோன இடத்தில் கருவையோ கம்பெனியோ வந்து உட்காரும்.

கோர்ட்டுக்குப் போன மரம்

சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ உள்ளிட்டோர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடுத்த வழக்குகளில், 2017 தொடக்கத்தில் கெடு விதித்து உத்தரவுகள் வந்தன. மாவட்ட ஆட்சியர்கள் களத்தில் இறங்கினார்கள். மாணவர்கள், தொண்டர்கள், நூறு நாள் வேலைத் தொழிலாளர்கள் என்று ஊரே அரிவாளும் பொக்லைனுமாகக் கிளம்பியது. ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சூழலுக்கு என்ன ஆகும் என்று முறையாக ஆராயாமல் ஒட்டுமொத்தமாக அகற்றலாமா என்பதே அப்போது எழுந்த கேள்வி. பிறகு வழக்கு பல திருப்பங்களைக் கண்டது. 2022-ல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தின் சூழலை மீட்பதையும் கொள்கை சேர்த்துச் சொன்னது நல்ல திருப்பம்.

களத்தில் நடந்தது வேறு. அவசரத்தில் தரைமட்டத்துக்கு வெட்டிய இடங்களில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது. தூரோடு பிடுங்கிய இடத்தில் மண் கிளறப்பட்டு, உள்ளே கிடந்த விதைகளுக்கு வெயிலும் ஈரமும் கிடைத்தன. அடுத்த மழையில் புல் முளைப்பதுபோல் கருவை முளைத்தது. வெட்டச் செலவழித்தவர்கள், வெட்டிய பிறகு இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் கன்றுகளைப் பிடுங்க ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்றால் வேறென்ன நடக்கும்?

பன்னி, பாரிங்கோ, தென் ஆப்பிரிக்கா

நாம் மட்டும் இந்தச் சிக்கலில் இல்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த பன்னிப் புல்வெளி, மால்தாரி மேய்ப்பர்களின் பூமி. ரண் பாலைவனத்தின் உப்பு உள்ளே வராமல் தடுக்க 1960-களின் தொடக்கத்தில் அரசு அங்கே 31,000 ஹெக்டேருக்கு மேல் கருவை நட்டது. புல்வெளியின் பெரும்பகுதியை மரம் விழுங்கியது. புல்லை நம்பிய காங்ரேஜ் மாடுகள் குறைந்து எருமைகள் கூடின. மேய்ப்பர்களில் பலர் கரி சுடுகிறவர்களாக மாறினார்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் கால்நடையே மாறிப்போனது.

கென்யாவின் பாரிங்கோ வட்டாரத்தில் 1980-களில் விறகுத் திட்டத்தின் பெயரில் இதே மரம் வந்தது. இனிப்பு நெத்தைத் தின்று தின்று பல் போன ஓர் ஆட்டை அங்குள்ள மேய்ப்பர் சமூகத்தினர் நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். மரத்தைக் கொண்டுவந்த அரசே பொறுப்பு என்பது அவர்கள் வழக்கு.

தென் ஆப்பிரிக்கா வேறு வழியில் யோசித்தது. மரத்தைக் கொல்லும் பூச்சி வேண்டாம், ஏனென்றால் விவசாயிகளுக்கு நெத்தும் நிழலும் வேண்டும். விதையை மட்டும் தின்னும் வண்டு போதும் என்று 1987-ல் வண்டுகளை விட்டார்கள். வண்டு விதைக்குப் போய்ச் சேருமுன் ஆடுமாடுகள் நெத்தைத் தின்றுவிட்டன! வண்டு நல்ல வண்டுதான். ஆனால் மேய்ச்சல் முறையை மாற்றாமல் அதை மட்டும் விட்டதில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

வெட்டிய பிறகு யார்?

ஆகவே ஒவ்வொரு கண்மாய்க்கும் ‘எத்தனை ஏக்கர் அகற்றினோம்’ என்ற கணக்கோடு இன்னொரு கேள்விக்கும் பதில் எழுதியாக வேண்டும்: வெட்டிய பிறகு இந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வார்?

முதலில் எங்கே வெட்டுவது என்ற வரிசை வேண்டும். வரத்துக்கால், மடை முகம், கலுங்கு, கண்மாயின் உட்பகுதி ஆகிய இடங்களில் தயக்கமே வேண்டாம். தூரோடு போக வேண்டும். உவர் தரிசிலும் சாலையோரத்திலும் நிற்கும் கருவை இன்னும் சில காலம் நிற்கட்டும், கரி சுடுகிறவர்களின் பிழைப்புக்கு மாற்று வரும்வரை. பறவைகள் கூடு கட்டும் இடங்களில் அவசரமே கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கண்மாய்கள். அங்கே நாட்டுக் கருவேலம் வளர்ந்து கிளை பரப்பிய பிறகுதான் சீமைக் கருவையில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பின்பராமரிப்புக்குக் கூலி. மூன்று வருஷத்துக்கு மழை முடிந்ததும் கன்று பிடுங்கும் வேலையை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நிரந்தர இனமாக்கலாம். மூட்டம் போட்ட அனுபவமுள்ள கைகளுக்கே அதில் முன்னுரிமை கொடுக்கலாம். தூரின் போக்கு அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இயந்திரக்காரருக்குத் தெரியாது. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரில் புதுத் திட்டம் தொடங்கியது. பெயரோடு சேர்த்து, ஆயக்கட்டுக்காரர்களுக்கு முடிவெடுக்கும் உரிமையும், மண் வெட்டுகிறவருக்கு நியாயமான கூலியும், நிலமில்லாதவருக்குக் கண்மாய் மீனிலும் மரத்திலும் பங்கும் வந்தால்தான் அது பழைய கட்டாயத்தின் மறுபதிப்பாகாமல் இருக்கும்.

மூன்றாவது, நிலத்தில் ஆளை நிறுத்திவைக்கும் பயிர். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோலிக்குண்டுபோல உருண்டு திரண்ட, மானாவாரியில் காய்க்கும், உவர் காற்றுக்கு அஞ்சாத மிளகாய். சில விவசாயிகள் கருவை பிடுங்கிய நிலத்திலேயே மிளகாயும் சிறுதானியமும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உழுத நிலத்தில் கருவை தலைகாட்ட முடியவில்லை. ஆனால் மிளகாய் களத்துக்கு வரும்போது விலை பாதியாகச் சரிந்தால் அடுத்த வருஷம் அந்த நிலம் மறுபடி தரிசு, மறுபடி கருவை. குளிர்பதனக் கிடங்கும் நிலையான கொள்முதலும் கருவை ஒழிப்பின் பகுதி என்று அரசாணையிலேயே எழுத வேண்டும்.

மரத்தைக் கொண்டுவந்த பெட்டோமின் காலத்தில் விறகு ஒன்றே கணக்கு. இன்று அகற்றிய ஏக்கர் ஒன்றே கணக்கு. இரண்டிலும் அந்த மண்ணில் வாழ்கிறவர் கணக்கில் வரவில்லை. அடுத்த கருவை அகற்றும் டெண்டரோடு மூன்று வருஷக் கூலியையும் ஊர்க் குழுவின் கையெழுத்தையும் கட்டாயமாக்கட்டும். அந்த இரண்டும் இல்லாத டெண்டர், அடுத்த ஏலத்துக்குக் கருவை வளர்க்கும் செலவுதான்.